கெட்டில் யாருடையது?

கேள்வி இதுதான். ஒரு கண்காட்சியில் பழைய கெட்டில் ஒன்றை வரைந்து மாட்டியிருந்தார்கள். வேறு எதுவும் இல்லை, கெட்டில் மட்டும். பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ‘வீடு, இழந்துபோன அடையாளம் ஆகியவற்றைத் தேடும் படைப்பு’ என்று எழுதியிருந்தது. கேட்டவர் பத்து நிமிடம் நின்று பார்த்தும் கெட்டில் கெட்டிலாகத்தான் தெரிந்ததாம். வீடும் அடையாளமும் நிஜமாகவே ஓவியத்துக்குள் இருக்கின்றனவா, இல்லை சீட்டு எழுதியவர் விட்ட கதையா?

நியாயமான சந்தேகம். பல சமயம் அது சீட்டு எழுதியவர் விட்ட கதைதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பொருளை வரைவது ஓரளவு எளிது, அதன் மேல் ஒரு கனமான சொல்லை ஒட்டிவிடுவது இன்னும் எளிது. சாவி என்றால் வீடு, தகரப் பெட்டி என்றால் புலம்பெயர்வு, காலி நாற்காலி என்றால் செத்துப்போனவர் என்று ஒரு அகராதியே புழக்கத்தில் இருக்கிறது. அந்த அகராதியைப் புரட்டி வரைந்த ஓவியத்தைச் சீட்டு இல்லாமல் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. சீட்டோடு பார்த்தால் சீட்டு மட்டும்தான் கிடைக்கும்.

ஆனால் வேறு வகை ஓவியங்களும் இருக்கின்றன. அவை ‘இது வீட்டைக் குறிக்கிறது’ என்று சொல்வதில்லை. ‘இது யாருடையது?’ என்று நம்மைக் கேட்கவைக்கின்றன. கேட்கவைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் நிற்கின்றன. வீடும் அடையாளமும் உள்ளே வருவது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இதே கேள்வியை வைத்துப் பெரிய ஆட்கள் சண்டையே போட்டிருக்கிறார்கள், ஒரு ஜோடி பழைய பூட்ஸுக்காக. வின்சென்ட் வான்கோ 1886இல் பாரிஸில் வரைந்த ஓவியம் அது. இப்போது ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் அரை மீட்டர்கூட வராது. கணுக்காலுக்கு மேலே ஏறும் தோல் பூட்ஸ் இரண்டு. ஒன்றின் மேல்வாய் துவண்டு மடிந்து கிடக்கிறது. நாடாக்கள் அவிழ்ந்திருக்கின்றன. தோல் பல இடங்களில் நைந்து, போட்டவரின் கால் வடிவத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறது. கீழே இருப்பது தரையா, மேசையா, துணியா என்று தெரியவில்லை. மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு பரப்பு, அவ்வளவுதான். கதவு, சுவர், மூலை எதுவும் கிடையாது.

1930களில் ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் கலை பற்றி ஆற்றிய உரைகளில் வான்கோவின் பூட்ஸை எடுத்துக்கொண்டார். அவருக்கு அவை ஒரு குடியானவப் பெண்ணின் காலணிகள். உள்ளே தெரியும் இருட்டில் உழைப்பின் களைப்பையும், அடிப்பாகத்தில் வயல்வரப்பின் தனிமையையும், மண்ணின் அழைப்பையும் கண்டார். படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குச் சற்று முன்பு அவரே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இந்தக் காலணிகளைச் சுற்றி ஒன்றுமே இல்லை, வயல் மண்கூட ஒட்டியிருக்கவில்லை. மண் இல்லை என்று எழுதிய கையே அடுத்து மண்ணைப் பற்றிப் பாடுகிறது. ஓவியர் வெறுமையாக விட்ட இடத்தில் பார்ப்பவர் தன் ஊரைக் கொண்டுவந்து நட்டுக்கொள்வது இப்படித்தான்.

1968இல் கலை வரலாற்றாளர் மேயர் ஷாபிரோ இதை மறுத்தார். வான்கோ பூட்ஸைப் பலமுறை வரைந்திருப்பதால், நீங்கள் சொன்னது எந்த ஓவியம் என்று ஷாபிரோ முன்பே ஹைடெக்கருக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். 1930 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் பார்த்தது என்று ஹைடெக்கர் பதில் போட்டார். அதை வைத்து ஓவியத்தை அடையாளம் கண்ட ஷாபிரோ, இது எந்தக் குடியானவப் பெண்ணுடையதும் இல்லை, அப்போது நகரத்தில் வாழ்ந்த வான்கோவின் சொந்த பூட்ஸ் என்றார். அவரைப் பொறுத்தவரை இது வான்கோ தன்னையே வரைந்துகொண்ட மாதிரி.

சரி, இதில் வீடு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஷாபிரோ அந்தக் கட்டுரையை குர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் மருத்துவரின் நினைவாக எழுதினார். ஹைடெக்கரின் கட்டுரையை அவருக்கு முதலில் காட்டியதே கோல்ட்ஸ்டைன்தான். யூதரான கோல்ட்ஸ்டைனை 1933இல் நாஜிகள் கைது செய்து, நாட்டைவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்ட பிறகே விட்டார்கள். அதன் பிறகு அவர் தங்கிய இடம் அதே ஆம்ஸ்டர்டாம். ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்ததும் அதே 1933. ஷாபிரோவும் லித்துவேனியாவில் பிறந்து, சின்னப் பிள்ளையாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ஆக, பூட்ஸ் மண்ணில் வேர்விட்டு நிற்கிறது என்றவர் தன் மண்ணைவிட்டு விரட்டப்படாதவர். இல்லை, அது நகரத்தில் அலைந்த ஒருவனுடையது என்றவர் வேறு நாட்டில் பிறந்து வந்தவர். இருவருமே ஓவியத்தைப் பார்த்தார்கள், கூடவே தங்களுடைய வீட்டையும் பார்த்துக்கொண்டார்கள். 1978இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா இந்த வழக்கைக் கையில் எடுத்து, இரண்டு பேருமே பூட்ஸை யாருக்காவது திருப்பிக் கொடுத்துவிட ஏன் இவ்வளவு துடிக்கிறீர்கள் என்று கேட்டார். இவை ஒரே ஜோடிதானா, இரண்டுமே இடதுகால் பூட்ஸாக ஏன் இருக்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு குறும்பு. (ஒருமுறை இதைப் படித்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் லேசில் போகாது.)

இவ்வளவு சண்டைக்கும் காரணம் அந்தத் தெளிவில்லாத தரைதான் என்று நினைக்கிறேன். அதே பூட்ஸை ஒரு குடிசை வாசலில் வைத்து வரைந்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பொருள் தேய்ந்திருப்பது யாரோ நீண்டகாலம் அதோடு வாழ்ந்ததைச் சொல்கிறது, சுற்றி இடமே இல்லாதது அந்த வாழ்க்கை எங்கே நடந்தது என்பதைச் சொல்ல மறுக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் ‘யாருடையது?’ எழுகிறது. தேய்மானம் மட்டும் இருந்தால் அது பழைய சாமான். வெற்றுப் பின்னணி மட்டும் இருந்தால் விளம்பரப் படம்.

காலி நாற்காலி என்று அகராதியில் சொன்னேன். அதையும் வான்கோவே வரைந்திருக்கிறார். 1888 நவம்பரில், தென் பிரான்சின் ஆர்ல் நகரில் தன்னோடு தங்கியிருந்த ஓவியர் கோகானின் நாற்காலி. பின்னாளில் ஒரு கடிதத்தில் அதை ‘அவருடைய காலி இடம்’ என்றார். ஆனால் நாற்காலி உண்மையில் காலியாக இல்லை. இருக்கையில் எரியும் மெழுகுவத்தி ஒன்றும் இரண்டு புத்தகங்களும் இருக்கின்றன. உட்கார வேண்டுமென்றால் முதலில் அவற்றை எடுக்க வேண்டும். கோகான் அப்போது வீட்டைவிட்டுப் போகக்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மெழுகுவத்திதான் அதை அகராதியிலிருந்து காப்பாற்றுகிறது.

எதிர்த்தரப்பு உதாரணம் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் கெட்டிலிலும் இழப்பு தெரிய ஆரம்பித்துவிடும். இத்தாலிய ஓவியர் ஜோர்ஜியோ மொராண்டி வாழ்நாளில் பெரும்பகுதி பாட்டில், ஜாடி, டப்பா இவற்றையே வரைந்தார். பொலோனியா நகரில் தங்கைகளோடு இருந்த வீட்டில், படுக்கையும் வேலையும் ஒரே அறையில். பாட்டில்களின் சீட்டுகளைக் கிழித்துவிடுவார், பளபளப்பு போக வண்ணம் பூசுவார், தூசி படியவிடுவார். பெயரை இழந்த பொருள்கள்தான் அவை. ஆனாலும் அவருடைய ஓவியத்தின் முன்னால் நின்று ‘இது யாருடையது?’ என்று கேட்கத் தோன்றாது. அந்தப் பாட்டில்கள் ஒன்றுக்கொன்று தோள் ஒட்டி, தங்கள் மேசையில், தங்கள் வெளிச்சத்தில் நிற்கின்றன. யாரும் எங்கேயும் போய்விடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒருவர் ‘இழந்த அடையாளம்’ என்று சீட்டு ஒட்டினால் தாராளமாகச் சிரிக்கலாம்.

‘யாருடையது?’ என்ற கேள்வியை ஒளிக்காமல் ஓவியத்தின் மேலேயே எழுதிவைத்தவர் சோவியத் ஓவியர் இல்யா கபக்கோவ். சோவியத் காலத்துப் பொதுக் குடியிருப்புகளில் ஒரு வீட்டைப் பல குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு அறை, சமையலறையும் கழிவறையும் எல்லோருக்கும் பொது. 1980களின் தொடக்கத்தில் அவர் செய்த சமையலறை வரிசையில், மங்கலான ஒரே நிறம் பூசிய பெரிய பலகை இருக்கும். நடுவில் நிஜமான ஒரு துருவியோ குவளையோ பொருத்தியிருப்பார். ஒரு மேல்மூலையில் ஒருவருடைய முழுப்பெயரும் ‘இது யாருடைய துருவி?’ என்ற கேள்வியும் குமாஸ்தா கையெழுத்தில் இருக்கும். மறுமூலையில் இன்னொருவருடைய பெயரும் அவருடைய பதிலும். இரண்டு பெயர்களும் முழுசாக இருக்கின்றன, முகங்கள்தான் இல்லை. துருவி அவ்வளவு பெரிய பலகையில் யாருக்கும் வேண்டாதது மாதிரி தொங்குகிறது.

இதை வெறும் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்வார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் கபக்கோவ் மாஸ்கோவில் கலைப் பள்ளியின் விடுதியில் படித்த காலத்தில், குடியிருப்பு அனுமதி இல்லாத அவருடைய அம்மா அந்தப் பள்ளியின் பழைய கழிவறை ஒன்றில் ஒளிந்து தங்க நேர்ந்தது. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி பலகையைப் பார்த்தால் துருவி லேசான விஷயமாகத் தெரியாது. வீடே சொந்தமில்லாதவர்கள் கடைசியாகச் சண்டை போடுவது ஒரு துருவிக்காகத்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறாக, ‘யார்?’ என்பதற்குப் பதில் சொல்வதற்கென்றே அச்சடித்த ஒரு பொருள் உண்டு: அடையாள அட்டை. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் பிறந்த ஃபெலிக்ஸ் நுஸ்பாம், பிரஸ்ஸல்ஸில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்தபோது, 1943 வாக்கில், தன்னை வரைந்துகொண்டார். கோட்டின் காலரைத் தூக்கிவிட்டிருக்கிறார், மார்பில் மஞ்சள் நட்சத்திரம், முதுகுக்குப் பின்னால் உயர்ந்த சுவர். சுவர் மூலையில் மாட்டிக்கொண்டவர் போல, கையிலிருக்கும் அட்டையை நம்மிடம் நீட்டுகிறார். அட்டையில் ‘யூதர்’ என்று சிவப்பு எழுத்தில், பிரெஞ்சிலும் டச்சிலுமாக இரண்டு தடவை. இங்கே பொருள் பதில் சொல்லிவிடுகிறது, அதுதான் பயங்கரம். ஒரு மனிதனைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் ஒரே சொல்லில் பதில். 1944இல் அவரைப் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். நான் இந்த ஓவியத்தில் முகத்தைவிட அட்டையைப் பிடித்திருக்கும் விரல்களைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். பூந்தொட்டியில் ஒரு சப்பாத்திக் கள்ளி.

அசிம் அபூ ஷக்ரா 1961இல் இஸ்ரேலிலுள்ள உம் அல்-ஃபஹம் என்ற ஊரில் பிறந்த பாலஸ்தீன ஓவியர். டெல் அவிவில் ஓவியம் படித்து, அங்கேயே வாழ்ந்து, 1990இல் முப்பது வயதைத் தொடாமலே புற்றுநோயில் இறந்துபோனார். கடைசி சில ஆண்டுகளில் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தொட்டியில் வைத்த கள்ளியை. ஒரு தொட்டி, அதிலிருந்து எழும் தடித்த மட்டைகள், முரட்டுத் தூரிகைத் தீற்றல், பின்னால் பெரும்பாலும் எதுவும் இல்லாத பரப்பு. ஜன்னலோரத்தில் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கக்கூடிய செடி.

அந்த மண்ணில் இந்தச் செடியைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. பாலஸ்தீன கிராமங்களில் கள்ளிதான் வேலி. 1948இல், இஸ்ரேல் உருவான போரின்போது, காலியாக்கப்பட்டு இடிக்கப்பட்ட கிராமங்களில் கல்லும் மரமும் போன பிறகும் கள்ளி மறுபடி துளிர்த்தது. இன்று புல்வெளிக்கு நடுவில் நேர்க்கோட்டில் கள்ளி நின்றால், அங்கே ஒரு தோட்டத்தின் எல்லை இருந்தது என்று அர்த்தம். அரபியில் அதன் பெயர் ‘சப்ர்’, பொறுமை என்றும் அதற்குப் பொருள் உண்டு. அதே செடியின் பெயரால்தான் அந்த மண்ணில் பிறந்த யூதர்களும் தங்களை ‘சப்ரா’ என்று அழைத்துக்கொள்கிறார்கள்: வெளியே முள், உள்ளே இனிப்பு. இரண்டு தரப்பும் ‘நாங்கள் இந்த மண்ணுக்காரர்கள்’ என்று சொல்லக் கைகாட்டுவது ஒரே செடியை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செடியே அந்த மண்ணுடையது இல்லை. மெக்சிகோ பக்கத்துத் தாவரம் அது, கொலம்பஸுக்குப் பிறகுதான் கடல் கடந்து மத்தியதரைக் கடற்கரைக்கு வந்தது.

இவ்வளவு வரலாறும் தலைமேல் இருக்க, அபூ ஷக்ரா கொடியோ கிராமமோ வரையவில்லை. வேலியாக நின்று எல்லை காட்ட வேண்டிய செடியைத் தூக்கித் தொட்டியில் வைத்தார், அவ்வளவுதான். தொட்டிதான் அந்த ஓவியத்தின் உயிர் என்பேன். வேலி ஒரு இடத்தைச் சுற்றி நிற்கும், தொட்டியை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். செடி சாகவில்லை, ஆனால் வேர் போக இடமும் இல்லை. பெற்றோர் ஊர் ஒன்று, படித்து வாழும் நகரம் இன்னொன்று, அந்த நகரத்தில் தன் மொழி வேறு மாதிரி ஒலிக்கிறது என்று இருக்கும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல இதைவிட நேரான வழி எது? அந்தக் கள்ளியைக் குறியீடு என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் வேலியில் நின்றவரை அது குறியீடு, தொட்டிக்கு வந்த பிறகு அது ஒருவருடைய கதை.

ஈழத்து ஓவியர் தா. சனாதனன் வேறு பக்கமிருந்து இங்கே வருகிறார். போரில் இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவற்றையும் அவர்கள் சொன்ன கதைகளையும் தன் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் ஒரு நூலாக்கினார். தோம்பு என்பது நிலப் பதிவேட்டுக்கான பழைய சொல். முடிவுறாத தோம்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். உரிமைப் பத்திரம் தொலைந்தவர்களுக்குக் கோணல் மாணலான கோடுகளே பத்திரமாகின்றன.

நினைவிலிருந்து வரைவது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓவியம் சொல்லித்தரும்போது ஒரு பயிற்சி வைப்பேன்: ஒரு காலத்தில் தினமும் தொட்ட, இப்போது உங்களிடம் இல்லாத ஒரு பொருளை வரையுங்கள். பெரும்பாலும் எல்லோருமே அளவில் தப்பு செய்வார்கள், ஆனால் கை பட்ட இடத்தை மட்டும் துல்லியமாக வரைந்துவிடுவார்கள். டம்ளரின் உயரம் தப்பாக இருக்கும், விளிம்பின் மடிப்பு சரியாக இருக்கும். ஒருமுறை ஒருவர் கதவுத் தாழ்ப்பாள் ஒன்றை வரைந்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் என்னவோ விசித்திரமாகப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: தாழ்ப்பாளின் அடிப்பக்கம் தெரிகிறது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த மாதிரி வரைந்திருக்கிறார். அந்த வீட்டைவிட்டு வந்தபோது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். ஏழு என்றார். அதைச் சுட்டிக்காட்டும்வரை அவருக்கே தெரியவில்லை. வளர்ந்த ஆளின் கை வரைந்திருக்கிறது, ஆனால் பார்த்த கண் ஏழு வயதிலேயே நின்றுவிட்டது. தொலைந்த அடையாளம் என்ற பெரிய வார்த்தைக்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறிய, மிக நேரான விளக்கம் அந்தத் தாழ்ப்பாள்தான். அதற்குப் பக்கத்தில் எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை.

அதனால் உங்கள் கெட்டிலுக்கு வருவோம். நான் அதைப் பார்க்கவில்லை, தீர்ப்பு சொல்ல முடியாது. மறுபடி போனால் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சில விஷயங்களைக் கவனியுங்கள். கெட்டிலின் மூடியை மேலிருந்து பார்க்கிறீர்களா, இல்லை கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? மேலே இருந்தால் அதை வரைந்த கண் எந்த வயதுடையது என்று யோசியுங்கள். நசுங்கலோ கரியோ இருந்தால் அது எங்கே இருக்கிறது? தினமும் அடுப்பில் ஏறிய கெட்டிலுக்குக் கரி அடியில் பிடித்து விளிம்புவரை ஏறும். பழமைக்காகப் பூசிய கரி எங்கும் ஒரே சீராக இருக்கும். தூரிகைக்காரர் கெட்டிலோடு வாழ்ந்தவரா, கடையில் பார்த்தவரா என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் நிழல். கெட்டிலுக்கு அடியில் நிழல் விழுந்திருந்தால் அது எதன் மேலோ நிற்கிறது. நிழலே இல்லையென்றால் அது மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று பாருங்கள். தரையைத் தெரிந்தே எடுத்துவிட்ட ஓவியர், மற்ற இடத்தில் வெளிச்சத்தை ஒழுங்காகக் கையாண்டிருப்பார்.

கடைசியாகக் கைப்பிடி. அது நீங்கள் நிற்கும் பக்கம் திரும்பியிருந்தால், ஓவியர் உங்களை எடுத்து ஊற்றுகிறவர் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். மூக்கு உங்கள் பக்கமும் கைப்பிடி அந்தப் பக்கமுமாக இருந்தால், எதிரே ஊற்றுகிறவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன வரைந்திருக்கிறார் என்று பாருங்கள்.